எடிப்சோஸில் தலைமுழுகக் கூடாது

போன கிழமை என் கணவர் நடுக்கடலில் நின்றுகொண்டு என்னோடு சண்டை பிடித்தார்.

நடுக்கடல் என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. உண்மையில் நெஞ்சளவு தண்ணீர். திரும்பி நாலு எட்டு வைத்தால் கரை. சுற்றிவர வைக்கோல் தொப்பி போட்ட கிரேக்கப் பெண்மணிகள். ஆனால் இவர் போட்ட சத்தம் என்னவோ கப்பல் கவிழ்ந்தவர் போடுகிற சத்தம்தான். தொப்பிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பின.

இடம் எடிப்சோஸ். கிரேக்க நாட்டில் எவியா என்றொரு பெரிய தீவு இருக்கிறது. அதன் கரையில் உள்ள சின்ன ஊர். நிலத்துக்குள்ளிருந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றெடுத்து, பாறை வழியே வழிந்து, நேரே கடலில் விழுகிறது. வழிந்த இடமெல்லாம் பாறை மஞ்சளும் துருப்பிடித்த நிறமுமாகத் தடித்துப் போயிருக்கிறது. கடலுக்குள் இறங்கி நின்றால் ஒரு காலுக்கு வெந்நீர், மற்றக் காலுக்குக் குளிர்நீர். அக்டோபர் மாதத்திலும் ஆட்கள் மணிக்கணக்காகத் தண்ணீருக்குள் நின்று ஊர்க்கதை பேசுகிறார்கள். 

டோர்ட்மண்டில் இருக்கிற நாங்கள் அங்கே ஏன் போனோம்? இவருடைய முழங்கால்தான் காரணம்.

இரும்புத் தகடு அழுத்துகிற மெஷினுக்கு முன்னால் நின்று நின்றே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர் இவர். முழங்கால் போய்விட்டது, காதும் மந்தம். காதுக்குள் சின்னதாக ஒரு கருவி வைத்திருக்கிறார். அந்தக் கருவியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஜெர்மனியில் முழங்கால் நோவுக்குக் 'கூர்' என்றொரு வழி உண்டு. டொக்டர் எழுதிக் கொடுத்தால் வெந்நீர் ஊற்றுள்ள ஊருக்கு அனுப்புவார்கள். அதற்கு அன்ட்ராக் போட வேண்டும். (விண்ணப்பம் என்ற சொல்லை நாங்கள் மறந்து எவ்வளவோ காலம். எங்கள் வாயில் இப்போது அன்ட்ராக்தான்.) இவர் போட மாட்டேன் என்றுவிட்டார். காரணம் கேட்டால் சொல்ல மாட்டார். எனக்குத் தெரியும். ஒருமுறை பக்கத்து ஊர் வெந்நீர்க் குளியலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிழையான கதவைத் திறந்து, உடுப்பே போடக்கூடாத பகுதிக்குள் நுழைந்துவிட்டார். போன வேகத்தில் திரும்பி வந்தவர் வீடு வந்து சேரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் மேல்மாடியில் எலேனி என்ற கிரேக்கப் பெண்மணி இருக்கிறார். எடிப்சோஸுக்குப் போங்கள், அங்கே ஒருவரும் உங்கள் உடுப்பைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள் என்று அவர்தான் இவருக்கு உறுதிமொழி கொடுத்தார். உடனே சம்மதம். விமானம், பஸ், அதன் பிறகு ஒரு படகு.

ஆனால் அந்தப் படகில் நான் ஏறும்போது இவருடைய முழங்காலை விட இன்னொன்றையும் சுமந்துகொண்டுதான் ஏறினேன்... என் ஃபோனில் ஒரு செய்தி.

அனுப்பியவள் அபி. இவருடைய அக்காவின் மகள். டார்ம்ஸ்டாட்டில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே வேலை பார்க்கிறவள். நாலு வருடத்துக்கு முன் கல்யாணம் நடந்தது. செய்தி இதுதான்:

"மாமி, நான் ஷ்வாங்கர். தமிழில 'முழுகாமல் இருக்கிறன்' எண்டு சொல்லவேணுமாம், அம்மா சொன்னா. ஆனா நான் ஒவ்வொரு நாளும் குளிக்கிறனே? மாமாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முழுகாமல் இருக்கிறாள் என்றால் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று அர்த்தம். மாதத்தில் தலைமுழுகுகிற நாள் வந்தும் ஒரு பெண் முழுகவில்லை என்றால் வீட்டிலுள்ளவர்களுக்கு விஷயம் விளங்கிவிடும். அந்தக் காலத்துப் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாமல் சொன்ன விதம் அது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஷவரில் நிற்கிற பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

கடைசி வரியில்தான் என் சிரிப்பு நின்றது. மாமாவுக்கு நான் சொல்ல வேண்டுமாம். எப்படிச் சொல்வது? மாமா அந்த வீட்டைத் தலைமுழுகி நாலு வருடம் ஆகிறதே.

தலைமுழுகுவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று உறவை அறுத்துவிடுவது. மற்றவர்கள் அதைச் சொல்லோடு விட்டுவிடுவார்கள். இவர் அப்படியில்லை. அபியின் கல்யாணத்தன்று காலையில், அக்காவை நான் தலைமுழுகிவிட்டேன் என்று சொன்னவர், நேரே குளியலறைக்குள் போய்ப் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்தார். வெளியே பனி கொட்டுகிறது. அந்தக் கிழமை முழுவதும் தடிமனும் காய்ச்சலும். மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தவள் நான்.

அன்றிலிருந்து இவருடைய வாயில் 'அக்கா' என்ற சொல் கிடையாது. தவிர்க்க முடியாமல் பேச வேண்டி வந்தால் 'டார்ம்ஸ்டாட்' என்பார். டார்ம்ஸ்டாட்டுக்கு இடுப்பில் ஆபரேஷனாம் என்று ஒருநாள் என்னிடமே சொன்னார். ஒரு நகரத்துக்கு இடுப்பில் ஆபரேஷன்!

அப்படி என்னதான் நடந்தது? 

இவருடைய அக்கா, அதாவது என் மச்சாள், வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. அவ்வளவுதான்.

இதைப் படிக்கிற பாதிப் பேர் இதற்கா என்பீர்கள். மற்றப் பாதிப் பேர் கேட்கவே மாட்டீர்கள், உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்களில் கல்யாணம் என்றால் வீட்டுக்கு வந்து, இருந்து, ஒரு தேத்தண்ணி குடித்து, வாயால் சொல்ல வேண்டும். அதிலும் தாய்மாமன். பெண்ணுக்குப் பாலறுகு வைத்துத் தோயவார்க்கும்போது, அதாவது தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்துக் குளிப்பாட்டும்போது, தேங்காய் உடைக்க வேண்டியவர். மச்சாள் அனுப்பியது வாட்ஸ்அப்பில் ஒரு படம். அதையும் தனியாக அனுப்பவில்லை. உறவு, நட்பு, கோயில் ஆட்கள், வேலையிடத்து ஆட்கள் என்று எல்லாரும் கூடியிருக்கிற ஒரு குழுவில் போட்டிருந்தார். கீழே வழக்கமான வரி... நேரில் வந்து அழைத்ததாகக் கருதி வருகை தரவும்.

ஏன் கருத வேண்டும் என்று இவர் கேட்டார். வந்து அழைத்தால் கருதத் தேவையில்லையே? அதோடு மச்சாளின் ஃபோனை எடுப்பதை நிறுத்திவிட்டார். மச்சாள் அடித்து அடித்துக் களைத்துப்போனார்.

மச்சாளின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். என்னிடம் அழுதுகொண்டு அவர் கேட்டது இதுதான். தாய்மாமன் என்ன விருந்தாளியா அழைப்பதற்கு? அவன் வீட்டுக் கல்யாணம். அவன்தான் வாசலில் நின்று மற்றவர்களை வாருங்கள் என்று கூப்பிட வேண்டும். வீட்டுக்காரனுக்கு யாராவது அழைப்பிதழ் கொடுப்பார்களா? கேட்கும்போது அதுவும் சரியாகத்தான் பட்டது.

ஒருவர் பிழை என்றால் சுலபம். மன்னிப்புக் கேட்டு, ஒரு தேத்தண்ணியோடு முடித்துவிடலாம். இரண்டு பேரும் சரி என்றால் என்ன செய்வது? எங்கள் குடும்பங்களில் இழுபட்டுக் கிடக்கிற கோபங்களில் முக்கால்வாசி இந்த ரகம்தான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

கல்யாணத்தில் வேறு யாரோ தேங்காய் உடைத்தார். எல்லாம் நடந்து முடிந்தது. இப்போது ஒரு பிள்ளை வரப்போகிறது. அதுவும் இவர் இல்லாமலே பிறக்கும், தவழும், பேசும். முதல் வருடம் எல்லாருக்கும் குறையாக இருக்கும். பிறகு பழகிவிடும். அந்தப் பழகிவிடுவதுதான் எனக்குப் பயம். அறுந்த உறவு நோகிறவரைக்கும் ஒட்டலாம். நோகாமல் போய்விட்டால்?

ஆகவே எடிப்சோஸில் வைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் போனேன். முழங்கால் இளகினால் மனமும் இளகாதா என்று ஒரு நப்பாசை.

போன அடுத்த நாள் காலைச் சாப்பாட்டில் தொடங்கினேன். அபி என்று வாயெடுத்தேன்... அவ்வளவுதான். இவருடைய கை காதுக்குப் போனது. கருவியைக் கழற்றி, தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தேனை எடுத்து நிதானமாக ஊற்றினார். பிடிக்காத பேச்சை இவர் முடிக்கிற விதம் இது. கதவைச் சாத்திக்கொண்டு போகிற புருஷனையாவது கதவைத் தட்டிக் கூப்பிடலாம். காதைக் கழற்றி வைக்கிறவரை என்ன செய்வது?

பத்து மணிபோல் கடலுக்குப் போனோம். கருவி நனையக் கூடாது என்று என் பையில் இருந்தது. இவர் வெந்நீர் விழுகிற பாறைக்குப் பக்கத்தில் போய் நின்றார். முகத்தில் ஒரு சொர்க்கம் தெரிந்தது. நான் கொஞ்சம் தள்ளி, இளஞ்சூட்டில் நின்றேன். பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு கிரேக்கப் பெண்மணி. ஸ்டுட்கார்ட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவராம், நல்ல ஜெர்மன் பேசினார். முழங்கால், சம்பல் மாதிரி உறைக்கிற மருமகள், ஒலிவ் எண்ணெய் என்று கதை போய்க்கொண்டிருந்தது.

அப்போது இவர் மூக்கைப் பிடித்தார்.

யாழ்ப்பாணத்து ஆம்பிளைக்குத் தலை நனையாவிட்டால் அது குளிப்பே இல்லை, கால் கழுவினதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முங்கு முங்கினார். மேலே வந்தார். இரண்டாம் முறை மூக்கைப் பிடித்தார். வெள்ளைத் தொப்பிக்காரி பதறிப்போய், தலையை வேண்டாம், தலையை வேண்டாம் என்று ஜெர்மனில் கத்தினார். அந்தச் சூட்டில் தலையை அமிழ்த்தினால் மயக்கம் வருமாம், பிரஷர் இருந்தால் இன்னும் ஆபத்தாம், நெஞ்சுக்கு மேலே தண்ணீர் போகவே கூடாதாம். இவருக்குப் பிரஷர் இருக்கிறது. ஆனால் காதில் கருவி இல்லை. அவர் கத்தியது கேட்கவில்லை. இவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் அவரைக் காணவும் இல்லை.

நான் என் தொண்டை கிழியக் கத்தினேன்.

"இஞ்சேருங்கோ! தலைமுழுகாதேங்கோ!"

அது கேட்டது. நாற்பது வருடப் பழக்கம், என் குரல் மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். மூக்கைப் பிடித்த கையை எடுத்துவிட்டு மெல்லத் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. வெந்நீரால் என்று முதலில் நினைத்தேன்.

"நீரும் தொடங்கிட்டீரோ?" என்றார். "விடியக் காலமையும் அதே கதை, இப்ப கடலுக்குள்ள நிண்டும் அதே கதையோ? நான் தலைமுழுகினால் முழுகினதுதான்!"

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தண்ணீரைச் சொன்னேன், மனிதர் அக்காவைச் சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டார். முங்காதேங்கோ என்று சொல்லியிருக்கலாம். தோயாதேங்கோ என்றும் சொல்லியிருக்கலாம். நூறு சொல் இருக்கும்போது என் வாயில் ஏன் அந்தச் சொல் வந்தது? ஒரு கிழமையாக அடக்கி வைத்தது வேறு எப்படி வெளியே வரும்...

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். இவர் விடவில்லை. காது கேட்காதவர் மெதுவாகப் பேச மாட்டார். நாலு வருடத்துக் கதையை அந்தக் கடலுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். அதில் பெரும்பகுதி எனக்குத் தெரிந்ததுதான். கடைசியில் சொன்னது மட்டும் தெரியாது.

"கலியாணத்துக்கு முதல் ஒவ்வொரு ஞாயிறும் ஷேர்ட்டைப் போட்டுக்கொண்டு யன்னலுக்குள்ள நிண்டனான். அக்கான்ர கார் வரும் எண்டு. உமக்குத் தெரியுமோ?"

தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் வீட்டுக்குள்ளே இஸ்திரி போட்டு மினுக்கின ஷேர்ட்டோடு திரிந்ததைக் கண்டிருக்கிறேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. கோயிலுக்குப் போகிற எண்ணமாக்கும், பிறகு பஞ்சிப்பட்டு, சோம்பலில் நின்றுவிட்டாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரே வீட்டுக்குள் ஒருவர் ஜன்னலில் நின்று காத்திருக்கிறார், மற்றவர் சமையலறையில் வெங்காயம் உரிக்கிறார். இவ்வளவு நாளும் இவருடைய கோபத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த ஜன்னலடி எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? 'அக்கான்ர கார்' என்றார். அவருக்கே தெரியாமல் வந்துவிட்டது. நான் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

வெள்ளைத் தொப்பிக்காரி என் தோளைத் தொட்டு, என்ன பிரச்சினை என்று கேட்டார். தலையை நனைக்காதே என்றேன், கோபம் வந்துவிட்டது என்றேன். தன் புருஷனும் அப்படித்தான் இருந்தார் என்று ஆறுதல் சொன்னார். 

கரைக்கு வந்து, துடைத்து, உடுப்பு மாற்றி நடந்தோம். ஊருக்குள்ளே ரோமானியர் காலத்துக் குளியலிடத்தின் மிச்சம் கிடக்கிறது. இடிந்த சுவர், சில வளைவுகள், ஆள் இருக்கக்கூடிய அளவில் கல் தொட்டி மாதிரி ஒன்று. போர் நடத்த வந்த ஒரு ரோமானியத் தளபதி கால் நோவு தாங்காமல் இந்த ஊரில் வந்து கிடந்தாராம், அப்படி ஒரு கதை சொல்கிறார்கள். இவர் சுவரில் சாய்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டு அந்தத் தொட்டியையே பார்த்தார். ஊர்களை எரித்துக்கொண்டு வந்த மனிதரும் இப்படித்தான் காலை நீட்டிக்கொண்டு இருந்திருப்பார் என்று நான் நினைத்தேன். வெந்நீருக்குள் இருந்த அந்த நேரத்திலாவது அவருக்கு ஒருவர்மீதும் கோபம் இல்லாமல் இருந்திருக்கும்.

பையைத் திறந்து காதுக் கருவியை எடுத்து நீட்டினேன். இவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். வாங்கினார். மாட்டிக்கொண்டார்.

தண்ணீரில் நான் என்ன சொல்ல வந்தேன் என்பதை முதலில் சொன்னேன். பிரஷர், மயக்கம், தொப்பிக்காரி எல்லாம். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். ஒரு அசட்டுச் சிரிப்பு வரப்பார்த்தது. இதுதான் நேரம் என்று பட்டது.

"அபி முழுகாமல் இருக்கிறாள்" என்றேன்.

சிரிப்பு நின்றது. வாய் திறந்தபடி இருந்தது. கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்... காதுக்குப் போகுமோ? போகவில்லை. முழங்காலிலேயே இருந்தது.

வாந்தி, சத்தி ஏதும் எடுக்கிறாளா என்று கேட்டார். கொஞ்சமாம் என்றேன். வேலைக்குப் போகிறாளா என்று கேட்டார். போகிறாளாம் என்றேன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அக்காவுக்கும் இடுப்பு ஏலாது. பிள்ளையை ஆர் பாக்கிறது?"

இந்த முறை தெரிந்துதான் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெயில் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பின்னேரம் ஹோட்டல் பால்கனியில் இருந்து என் ஃபோனைக் கேட்டார். தன்னுடையதில் மச்சாளின் நம்பரை எப்போதோ அழித்துவிட்டாராம். எடுத்துப் பேசுங்கள் என்றேன். பேச ஏலாது என்றார். குரல் செய்தி அனுப்புகிறேன் என்றார். பதிவு செய்தார், அழித்தார். திரும்பப் பதிவு செய்தார், திரும்ப அழித்தார். வாட்ஸ்அப்பில் அழைத்தார்கள் என்று நாலு வருடம் பேசாமல் இருந்த மனிதர்! நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் போனது இவ்வளவுதான். அக்கா, நான்தான். இங்கே தண்ணி நல்லது, உங்களுடைய இடுப்புக்கும் நல்லது. அபி முழுகாமல் இருக்கிறாளாம், சந்தோசம்.

அனுப்பிய பிறகு ஃபோனை என்னிடம் தராமல் மடியிலேயே வைத்திருந்தார். மச்சாள் கேட்டுவிட்டார் என்று காட்டுகிற நீல அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. இரவுச் சாப்பாட்டில் மீன் நன்றாக இருந்தது. இவர் சாப்பிடவில்லை.

பதில் திரும்பி வரும் வழியில், படகில் வைத்து வந்தது. இவர் கருவியை இன்னும் அழுத்தி மாட்டிக்கொண்டு, ஃபோனைக் காதோடு வைத்துக் கேட்டார். பிறகு எனக்கும் கேட்கும்படி சத்தமாகப் போட்டார். மச்சாளின் குரல். அழுது முடித்த குரல். ஆனாலும் தம்பியை அதட்டுகிற பழைய அதிகாரம் கொஞ்சமும் குறையவில்லை.

"தம்பி, இதெல்லாம் வாட்ஸ்அப்பில சொல்லுற விசயமே? வீட்டை வந்து சொல்லு."

இவர் திரும்பத் திரும்ப அதையே போட்டுக் கேட்டார். படகில் இருந்த கிரேக்கர்கள் எல்லாருக்கும் அந்த வசனம் பாடமாகியிருக்கும். அக்கா அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டா என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கடல் பக்கம் திரும்பி நின்றார். நான் கூடப் போய் நின்றுகொண்டேன்.

சனிக்கிழமை டார்ம்ஸ்டாட் போகிறோம். 'டார்ம்ஸ்டாட்' இப்போது மறுபடியும் வெறும் ஊர்தான். இதை எழுதும்போது இவர் பக்கத்து அறையில் ஷேர்ட் மினுக்கிக்கொண்டிருக்கிறார். போகுமுன் தலைக்கு எண்ணெய் வைத்து நன்றாகத் தோய வேண்டுமாம்.

தோயட்டும்... தலைமுழுகாமல் விட்டால் போதும்.